பல் பிடுங்கிய வயதான பூனை: வீட்டில் தெரியும் அறிகுறிகளும் செய்ய வேண்டியவையும்

பத்து வயதைத் தாண்டிய பூனைக்குப் பல் அறுவை சிகிச்சை செய்து வீட்டுக்குக் கூட்டி வந்தால், கையில் இருக்கும் சீட்டில் பெரும்பாலும் மூன்று வரிதான் இருக்கும்: மெத்தென்ற சாப்பாடு, இரண்டு வேளை மருந்து, பத்து நாள் கழித்து வந்து காட்டவும். அந்தப் பத்து நாளுக்குள் எழும் கேள்விகளுக்கு அதில் பதில் இருக்காது. கூடவே இருந்து பார்த்துக்கொள்பவர்களுக்காக, கண்ணில் படும் அறிகுறியை வைத்து இதை எழுதியிருக்கிறேன். உங்கள் பூனையிடம் எது தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒன்று. வாயைத் திறந்து மூச்சு விடுகிறது, வாயிலிருந்து சிவப்பு ரத்தம் சொட்டிக்கொண்டே இருக்கிறது, ஈறு வெளுத்தோ நீலம் பாரித்தோ இருக்கிறது, வலிப்பு வருகிறது, தொட்டு உலுக்கினாலும் எழவில்லை, 24 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு படிக்க வேண்டாம். உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள், ராத்திரியானாலும் சரி.

வாயைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். பல் எடுத்த குழியின் மேல் ஈறை இழுத்து மெல்லிய நூலால் தைத்திருப்பார்கள். தாடையை விரித்தால் தையல் இழுபடும், பூனைக்கு வலிக்கும். அப்புறம் உங்கள் கையைக் கண்டாலே ஓடும், மருந்து கொடுக்கவும் முடியாமல் போகும். வாய்க்குள் என்ன நடக்கிறது என்பதைச் சாப்பாட்டுத் தட்டும், அது சிறுநீர், மலம் போகும் மண் தட்டும், முகமும் சொல்லிவிடும். ஈறின் நிறம் பார்க்க வேண்டுமானால், பல் எடுக்காத பக்கத்து உதட்டை விரல் நுனியால் லேசாகத் தூக்கினால் போதும்.

எதைப் பார்த்தாலும் "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடவும் கூடாது. வயதான பூனைக்குச் சிறுநீரகத்திலோ தைராய்டிலோ ஏற்கெனவே ஒரு பிரச்சினை இருக்க வாய்ப்பு அதிகம். இளம் பூனை சமாளித்து எழுந்துவிடும் பட்டினியையும் நீர்வறட்சியையும் வயதான பூனையால் அவ்வளவு எளிதாகத் தாங்க முடியாது. வயதைக் காரணம் காட்டிக் காத்திருக்கத் தோன்றும் இடத்தில்தான் அவசரம் அதிகம்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போதே நான்கு விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பூனைக்கு மொத்தம் 30 பல். அதில் எந்தெந்தப் பல்லை எடுத்தார்கள்? வலி மருந்து கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டார்கள்? ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் எப்படி இருந்தது? தையல் நூல் தானே கரைவதா? கீழே வரும் பாதிச் சந்தேகங்கள் இந்தப் பதில்களிலேயே தீர்ந்துவிடும்.

முதல் ராத்திரி: தள்ளாடுகிறது, கண்மணி பெரிதாக விரிந்திருக்கிறது

மயக்க மருந்து இன்னும் முழுதாக இறங்கவில்லை. கெட்டமின் என்ற மயக்க மருந்து கொடுத்திருந்தால் பூனையின் உடல் அதைப் பெரும்பாலும் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற்றும். சிறுநீரகம் மெதுவாக வேலை செய்யும் பூனைக்குத் தெளிய நேரமாகும். முதல் 12 மணி நேரம் தள்ளாட்டம், வெறித்த பார்வை, காரணமில்லாமல் கத்துவது எல்லாம் இருக்கலாம். அடுத்த நாள் சாயங்காலத்துக்குள் இது நன்றாகக் குறைந்துவிட வேண்டும்.

ஒரு சின்ன அறையில், தரையில் படுக்கை விரித்து விடுங்கள். கட்டில், அலமாரி, பால்கனி எதற்கும் வழி இருக்கக் கூடாது. வழக்கமாகத் தாவும் இடத்துக்குத் தாவப் பார்த்து விழுந்துவிடும். உடம்பு சில்லென்று இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். அது விலகிப் போக இடம் இருக்கட்டும். நன்றாக விழித்து, தலையை நிமிர்த்தி, தானாக விழுங்கும் வரை வாயில் தண்ணீரோ பாலோ ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும்.

மறுநாளும் சுவரில் முட்டிக்கொள்கிறது, கையை ஆட்டினாலும் கண் அசையவில்லை என்றால் பார்வை போயிருக்கலாம். பல் சிகிச்சையின்போது ஸ்பிரிங் வைத்த கருவியால் வாயை மிக அகலமாக நீண்ட நேரம் திறந்து வைத்தால், பூனையின் கண்ணுக்கும் மூளைக்கும் போகும் முக்கிய ரத்தக் குழாய் அழுந்திவிடும். அரிதுதான், ஆனால் சில பூனைகளுக்குப் பார்வை திரும்பவும் வருகிறது, அதனால் உடனே சொல்லுங்கள். தலையைத் தூக்க முடியாமல் மோவாய் நெஞ்சில் படும்படி தொங்கவிட்டால் அது ரத்தத்தில் பொட்டாசியம் குறைவதால் இருக்கலாம். சிறுநீரக நோயுள்ள பூனைகளிடம் பார்க்கலாம். அன்றைக்கே ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

கிண்ணத்துக்கு வருகிறது, மோந்து பார்க்கிறது, திரும்பிப் போகிறது

மிக அதிகமாக வரும் பிரச்சினை இதுதான், மிக ஆபத்தானதும் இதுதான். பூனை பட்டினி கிடந்தால் உடலில் உள்ள கொழுப்பு கல்லீரலுக்கு வந்து குவிகிறது. இரண்டு மூன்று நாளிலேயே கல்லீரல் செயலிழக்கத் தொடங்கலாம். குண்டான பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். எனவே கணக்கு இப்படி: வீட்டுக்கு வந்து 24 மணி நேரத்தில் ஒன்றும் சாப்பிடவில்லை என்றால் டாக்டருக்கு ஃபோன். 48 மணி நேரத்தை எட்ட விடவே கூடாது. நாலு நக்கு நக்கியதைச் சாப்பாடாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். வழக்கமான அளவில் பாதியாவது போக வேண்டும்.

முதலில் ஏன் சாப்பிடவில்லை என்று பாருங்கள். இரண்டு நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். வாசனை பட்டதும் உதட்டை நக்கிக்கொண்டு, எச்சில் விழுங்கி, முகத்தைத் திருப்பினால் அது குமட்டல். அதற்கு ஊசி இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். ஆவலாக வந்து, வாயில் வைத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, துண்டைக் கீழே போட்டுவிட்டு ஓடினால் அது வலி. வாசனையே எட்டாததுபோல் சும்மா நின்றால் மூக்கு அடைத்திருக்கும்; ஈரத் துணியால் மூக்கைத் துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள். எங்கள் வீட்டுச் செல்லிக்குப் பதினான்கு வயதில் வலது கடைவாய்ப் பற்களை எடுத்தபோது, அவள் தட்டின் விளிம்பில் சாப்பாட்டை அழுத்தி, தலையை இடப்பக்கம் சரித்து, நாக்கின் ஓரத்தால் மட்டும் வழித்து எடுத்தாள். விளிம்பில்லாத தட்டையான மூடியில் வைத்தபோது எல்லாம் நழுவிப் போனது. விளிம்பு உள்ள சாஸரில் வைத்ததும் காலி செய்தாள். இப்படிப்பட்ட சின்ன மாற்றம்கூடச் சில நேரம் போதும்.

சாப்பாடு எதுவென்றால்: எலும்பில்லாத கோழி நெஞ்சுக் கறியை உப்பில்லாமல் வேகவைத்து, வெந்த தண்ணீரையே விட்டு மிக்ஸியில் தோசை மாவு பதத்துக்கு அடியுங்கள். இழை இருந்தால் தையலில் மாட்டும், வடிகட்டிவிடுங்கள். சிறு துண்டு ஈரலைச் சேர்த்தால் வாசனை தூக்கும். வெங்காயம், பூண்டு ஒரு துளிகூடக் கூடாது. இரண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், அதனால் குழம்பில் கிடக்கும் துண்டைக் கழுவிக் கொடுப்பதும் வேண்டாம். மத்தியும் நெத்திலியும் எவ்வளவு பிடித்திருந்தாலும் முள் இருப்பதால் இந்த இரண்டு வாரம் தள்ளி வையுங்கள். கடையில் வாங்குவதென்றால் கூழாக மசித்த பேட் வகை ஈர உணவு நல்லது. கிரேவித் துண்டுகளையும் மசித்துவிட வேண்டும். டாக்டர் வழியாக ராயல் கேனின் ரெகவரி போன்ற டின் கிடைத்தால், கொஞ்சம் சாப்பிட்டாலும் சத்து நிறையப் போகும். சிறுநீரகத்துக்கான தனி உணவு சாப்பிடும் பூனையாக இருந்தாலும், இந்தச் சில நாள் எதைச் சாப்பிடுகிறதோ அதைக் கொடுப்பதே முக்கியம் என்பது என் எண்ணம். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாடு உடல் சூட்டில், அதாவது 38 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கட்டும். மணிக்கட்டின் உள்பக்கத்தில் தொட்டால் வெதுவெதுப்பு தெரிய வேண்டும், சுடக் கூடாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே வைத்தால் வயதான பூனைக்கு வாசனையும் எட்டாது, ஈறும் கூசும். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக. சாப்பிடாததை அரை மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

சிரிஞ்சில் ஊட்டலாமா? டாக்டர் சொன்னால் மட்டும். ஊசி கழற்றிய சிரிஞ்சை, பல் எடுக்காத பக்கத்துக் கன்னத்தின் ஓரத்தில் வைத்து, ஒரு முறைக்கு 1 மி.லி.க்கு மேல் தள்ளாமல், விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் அடுத்தது. தலையை அண்ணாக்கப் பிடிக்காதீர்கள். திமிறினால் நிறுத்திவிடுங்கள், கட்டாயப்படுத்தினால் அந்த உணவின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். பசியைத் தூண்ட மிர்டசபின் போன்ற மருந்து உண்டு. அதற்கும் மசியாவிட்டால் கழுத்துப் பக்கமாக உணவுக்குழாயில் மெல்லிய குழாய் வைப்பார்கள். கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் பூனை அதை நன்றாகவே ஏற்றுக்கொள்ளும். மருந்தும் அதிலேயே போய்விடுவதால் தினசரிப் போராட்டமும் இல்லை.

தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். 4 கிலோ பூனை 200 கிராம் இறங்கினால் உடல் எடையில் 5 சதவீதம் போய்விட்டது என்று அர்த்தம். பூனையைத் தூக்கிக்கொண்டு வீட்டு எடை மெஷினில் ஏறிக் கழித்துப் பார்ப்பதில் இவ்வளவு சின்ன வித்தியாசம் சரியாகத் தெரியாது. குழந்தைகளுக்கான எடை மெஷின் கிடைத்தால் நல்லது.

குன்றி உட்கார்ந்திருக்கிறது, ஆனால் குர்ர் குர்ர் என்கிறதே, வலி இல்லைதானே?

வலியிலும் பூனை குர்ர் குர்ர் என்று சத்தமிடும். அதை நம்பாதீர்கள், முகத்தைப் பாருங்கள். மான்ட்ரியால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட முக அளவுகோல் ஐந்து இடங்களைப் பார்க்கச் சொல்கிறது: காது, கண், மூக்கு வாய்ப் பகுதி, மீசை, தலை இருக்கும் நிலை. காது வெளிப்பக்கம் திரும்பிப் படிந்திருக்கிறதா, கண் இடுங்கியிருக்கிறதா, மூக்கு வாய்ப் பகுதி இறுகியிருக்கிறதா, மீசை விறைத்து நேராக முன்னால் நீண்டிருக்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் பத்துக்கு 4 வந்தாலே வலி மருந்து தேவை. அது தூங்கும்போதோ சாப்பிடும்போதோ அல்லாமல், சும்மா விழித்திருக்கும் வேளையில் அரை நிமிஷம் பாருங்கள். ஃபோனில் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினால் இன்னும் நல்லது.

இப்போது மருந்து. பாரசிட்டமால் பூனைக்கு விஷம். குரோசின், டோலோ என்று எந்தப் பெயரில் வந்தாலும் அதுவேதான். அரை மாத்திரைகூட உயிரைப் பறிக்கும். அதை உடைத்து வெளியேற்றும் வசதி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும். குழந்தைகள் சிரப், ஐபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதையும் உங்கள் முடிவில் கொடுக்காதீர்கள். வீட்டில் பெரியவர்கள் பரிவோடு ஏதாவது கொடுத்துவிடும் வாய்ப்பு உண்டு, அவர்களிடமும் முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

மெலாக்சிகாம் என்ற வலி மருந்தை எழுதிக் கொடுத்திருந்தால் புட்டியைத் திருப்பிப் பாருங்கள். நாய்க்கான சிரப்பில் 1 மி.லி.க்கு 1.5 மி.கி., பூனைக்கானதில் 0.5 மி.கி. புட்டி மாறினால் மூன்று மடங்கு மருந்து உள்ளே போகும். பூனைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் சிறுநீரகம் செயலிழக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2010-இல் எச்சரிக்கை சேர்த்தது. ஐரோப்பாவில் குறைந்த அளவில் நீண்ட நாள் கொடுக்க அனுமதி இருக்கிறது. அளவும் பூனையின் நிலையும்தான் இங்கே முக்கியம். சாப்பிடவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, வாந்தி எடுக்கிறது என்றால் அடுத்த வேளை மருந்தைக் கொடுப்பதற்கு முன் ஃபோன் செய்து கேளுங்கள். வலியை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. கபாபென்டின், புப்ரெனார்ஃபின் போல வேறு வழிகள் இருக்கின்றன. கபாபென்டின் கொடுத்தால் கொஞ்சம் தூக்கமும் தள்ளாட்டமும் இருக்கும், பயப்பட வேண்டாம்.

மருந்து கொடுத்ததும் வாயில் நுரை தள்ளுகிறது

மருந்தின் கசப்பு. சில நிமிஷத்தில் அடங்கிவிடும், வலிப்பு அல்ல. வாய் புண்ணாக இருக்கும்போது மாத்திரைக்காகத் தாடையைப் பிடித்துத் திறப்பதைவிட, சிரப்பாக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரைதான் என்றால், அதுவும் டாக்ஸிசைக்ளின் அல்லது கிளிண்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக் என்றால், விழுங்கியதும் 5 மி.லி. தண்ணீரோ கொஞ்சம் கூழ் உணவோ கட்டாயம் உள்ளே போக வேண்டும். வறட்டு மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். ஆறும்போது குழாய் சுருங்கி, விழுங்கியதெல்லாம் வெளியே வரும். முழுச் சாப்பாட்டில் மருந்தைக் கலக்காதீர்கள். ஒரு வாயில் கொடுத்து முடித்துவிட்டு, கலக்காத சாப்பாட்டைத் தனியாக வையுங்கள்.

எச்சிலில் ரத்தம், வாயில் நாற்றம்

முதல் இரண்டு நாள் இளஞ்சிவப்பு எச்சில், தண்ணீர்க் கிண்ணத்தில் லேசான ரத்தச் சாயல், படுக்கையில் சின்னக் கறை எல்லாம் எதிர்பார்க்கக்கூடியவைதான். நின்றிருந்த ரத்தம் மூன்றாம் நாள் மறுபடி வந்தால் தையல் பிரிந்திருக்கலாம். நூல் நுனி வெளியே தெரிந்தால் இழுக்காதீர்கள், கரையும் நூல் என்றால் தானே விழும். வாயைக் காலால் சுரண்டிக்கொண்டே இருந்தால் கால் வாய்க்கு எட்டாமல் தடுக்கும் கூம்பு வடிவக் கழுத்துப் பட்டை போடச் சொல்லுங்கள். சிகிச்சைக்கு முன்பு இருந்த துர்நாற்றம் குறைய வேண்டும். ஐந்தாறு நாள் கழித்து அழுகல் வாடை புதிதாக வந்தால் தொற்று. உப்புத் தண்ணீர், மஞ்சள், கிராம்பு எண்ணெய் எதையும் வாயில் தடவாதீர்கள். கிராம்பு எண்ணெயே பூனைக்குக் கேடு.

கன்னம், கண்ணுக்குக் கீழே, கழுத்து வீங்கியிருக்கிறது

கன்னத்தில் லேசான வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாள் வரை கூடி, பிறகு வடியும். அதற்குப் பிறகும் வளர்ந்தால் சீழ். கண் பிதுங்கியிருக்கிறது, உள்மூலையிலிருந்து வெள்ளைத் திரை பாதிக் கண்ணை மூடியிருக்கிறது, கொட்டாவி விட வாயைத் திறந்தாலே கத்துகிறது என்றால் அன்றைக்கே போக வேண்டும். மேல் கடைவாய்ப் பல்லின் வேருக்கு மேலேயே கண்குழி இருக்கிறது. அங்கே தொற்று போனால் கண்ணே போய்விடும்.

கழுத்திலும் தோளிலும் தோலுக்கு அடியில் காற்று புகுந்தது போல் உப்பி, அழுத்தினால் நெறநெறவென்று உணர்ந்தால், மயக்கத்தின்போது மூச்சுக்குழாயில் வைத்த டியூபால் கிழிசல் ஏற்பட்டிருக்கலாம். பூனைகளுக்குப் பல் சிகிச்சைக்குப் பிறகு வரும் என்று நன்றாகத் தெரிந்த சிக்கல் இது. சில மணி நேரத்திலும் வரலாம், சில நாள் கழித்தும் வரலாம். கழுத்தைப் பிடிக்காமல், கூடையில் வைத்து உடனே கொண்டுபோங்கள். ஒரு நாள் இரண்டு நாள் லேசான இருமல் மட்டும் இருந்தால் அது டியூப் உரசிய எரிச்சல்; தானே போகும்.

ட்ரிப்ஸ் ஏற்றிய கால் வீங்கியிருந்தால் கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். கழற்ற மறந்த கட்டுத்துணிதான் பெரும்பாலும் காரணம்.

தும்மும்போது மூக்கில் ரத்தம் அல்லது சாப்பாடு வருகிறது

மேல் கோரைப்பல்லின் வேர் மூக்கின் உள்சுவரை ஒட்டியே இருக்கிறது. அதை எடுத்த பிறகு ஓரிரு நாள் ரத்தம் கலந்த தும்மல் வரலாம். அதற்குப் பிறகும் ஒரே பக்க மூக்கில் ஒழுகினால், குடித்த தண்ணீரோ கூழோ மூக்கு வழியாக வந்தால், வாய்க்கும் மூக்குக்கும் நடுவே ஓட்டை விழுந்திருக்கிறது. அது தானாக மூடாது, மறுபடி தைக்க வேண்டும்.

நாக்கு வெளியே தொங்குகிறது, உதடு பல்லில் மாட்டுகிறது

கீழ்க் கோரைப்பல் போனால் நாக்கைத் தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லை, நுனி எட்டிப் பார்க்கும். மேல் கோரைப்பல் போனால் மேலுதடு உள்ளே மடிந்து கீழ்ப்பல்லில் குத்தும். பெரும்பாலான பூனைகள் சில வாரத்தில் பழகிவிடும்; உதட்டில் புண் தெரிந்தால் காட்டுங்கள். கீழ்த்தாடை ஒரு பக்கம் கோணி, வாயை மூடவே முடியவில்லை என்றால் அது வேறு. வயதான பூனையின் தாடை எலும்பு நோயால் மெலிந்திருக்கும், கீழ்க் கோரைப்பல்லை எடுக்கும்போது விரிசல் விட வாய்ப்பு உண்டு.

வாந்தி, சிறுநீர், மலம்

முதல் ராத்திரி ஒரு தடவை வாந்தி பரவாயில்லை. திரும்பத் திரும்ப எடுத்தால், அல்லது மலம் தார் போலக் கறுப்பாக வந்தால் வலி மருந்தை நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள். ட்ரிப்ஸ் ஏற்றிய அன்று சிறுநீர் நிறையப் போகும். மண் தட்டில் நனைந்த கட்டிகளை எண்ணிக் குறித்து வையுங்கள். வழக்கத்தைவிட மிகக் குறைந்தாலும் மிகக் கூடினாலும் சிறுநீரகத்துக்கு மறுபடி ஒரு ரத்தப் பரிசோதனை வேண்டும். 4 கிலோ பூனைக்கு உணவிலும் குடிப்பதிலும் சேர்த்து நாளைக்குச் சுமார் 200 மி.லி. நீர் போக வேண்டும். கூழில் தாராளமாகத் தண்ணீர் விடுவதே எளிய வழி. மலம் இரண்டு நாள் வராவிட்டால் கவலையில்லை, வயிறு காலியாகத்தானே இருந்தது. மூட்டுவலி உள்ள பூனையாக இருந்தால், விளிம்பு தாழ்ந்த மண் தட்டு ஒன்றைப் படுக்கைக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

ஒளிந்துகொள்கிறது, உடம்பை நக்கிக்கொள்ளவில்லை, மற்ற பூனை சீறுகிறது

சீறுவது ஆஸ்பத்திரி வாசனைக்காக. இரண்டு மூன்று நாள் தனி அறையில் வைத்து, இருவரின் படுக்கைத் துணியையும் மாற்றிப் போட்டால் சரியாகும். தானாக நக்கிச் சுத்தம் செய்துகொள்ள ஆரம்பிப்பது நல்ல அறிகுறி; அதுவரை மோவாயையும் முன்கால்களையும் வெந்நீரில் பிழிந்த துணியால் துடைத்துவிடுங்கள், எச்சில் காய்ந்தால் முடி ஒட்டி இழுக்கும்.

இரண்டு வாரம் ஆகியும் வலி போகவில்லை

ஈறு இரண்டு வாரத்தில் பெரும்பாலும் மூடியிருக்கும். அதற்கு மேலும் கொட்டாவி விடும்போது கத்தினால், சாப்பாட்டைப் பார்த்துச் சீறினால், எச்சில் வடிந்துகொண்டே இருந்தால், இரண்டு காரணங்களைக் கேளுங்கள். ஒன்று, ஈறுக்குள் வேர்த்துண்டு தங்கியிருக்கலாம். பூனையின் பல் உள்ளுக்குள்ளேயே அரித்துக் கரையும் நோய் வயதானவற்றுக்குச் சகஜம். அப்படிப்பட்ட பல் எடுக்கும்போது உடையும். பல் எக்ஸ்ரே எடுக்காமல் இதைச் சொல்ல முடியாது. உங்கள் ஊரில் அந்த வசதி இல்லை என்றால், எடுக்கும் இடத்துக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். இன்னொன்று, வாயின் பின்பகுதி முழுக்கச் சிவந்து புண்ணாகும் அழற்சி. அதற்கு எல்லாப் பற்களையும், அல்லது கடைவாய்ப் பற்கள் அனைத்தையும் எடுத்த பிறகும் சில பூனைகளுக்கு மாதக் கணக்கில் மருந்து தேவைப்படும்.

பல்லே இல்லாமல் எப்படிச் சாப்பிடும் என்று பலர் கேட்கிறார்கள். நன்றாகவே சாப்பிடும். பூனை உணவை அரைத்து மெல்வதில்லை, வெட்டி விழுங்கும். புண் ஆறிய பிறகு பல்லில்லாத பூனைகள் உலர் உணவைக்கூட அப்படியே விழுங்குகின்றன. டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு, கூழிலிருந்து மசித்த துண்டுக்கு, அங்கிருந்து பழைய சாப்பாட்டுக்கு, நாலைந்து நாள் இடைவெளி விட்டு மாற்றுங்கள். மிச்சப் பற்களுக்குத் தேய்ப்பதையும் அப்போது தொடங்கலாம், பூனைக்கான பேஸ்ட்டில் மட்டும்.